ஊர்ப் பானையில் சேராத சாமை

தை, செவ்வாய், இரவு.

1. கோயில் பானையில் என் சாமையைச் சேர்க்கவில்லை.
2. மறுத்தவன் என்னிடம் படித்த பொன்னன்.
3. எனக்குக் கோபம் இல்லை.

திருவிழாப் பொங்கலுக்கு வீட்டுக்கு ஒரு படி சாமை கொடுப்பது இந்த மலையில் வழக்கம். போன ஆண்டு வரை என் மனைவி கொடுத்தாள். அவள் இந்த ஊர்ப் பெண். அவள் இறந்தபின் இன்றுதான் நானே எடுத்துப்போனேன். பொன்னன் படியைக் கையால் தடுத்தான்.

"இன்னா சார் பண்றது, இது ஊர்ப் பானை. நீங்க சிலோன்காரரு. தப்பா எடுத்துக்காதீங்க."

"கப்பல்ல வந்தவருக்குச் சாமை இன்னாத்துக்கு?" என்று பின்னால் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பொன்னனும் சிரித்தான்.

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். சிறு வயதில் இலங்கையில் என்னைக் கள்ளத்தோணி என்றார்கள். அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். பொன்னனின் கையைப் பிடித்து எழுத்து பழக்கியபோது நான் எந்த ஊர்க்காரன்? ஒருவேளை முன்பே கேட்டுவிட்டுப் போயிருக்க வேண்டுமோ.

மாலையில் பொன்னனின் மனைவி பொங்கல் கொண்டுவந்தாள். "சாப்டுங்க சார், சூடா இருக்குது." நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அவள் தெருமுனை திரும்பியதும் நாய்க்குக் கொட்டினேன். அது தின்று முடிக்கும் வரை நின்று பார்த்தேன்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு.