பிரசவ அறைக்கு ஒரு வினைச்சொல்

பூதலூர்,
புரட்டாசி 9

அன்பு மகள் சுடர்விழிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் "நல்லாத்தாம்மா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

குறுவை அறுத்தாயிற்று. நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. மேகம் கட்டினால் அப்பா அங்கே ஓடுகிறார். நான் உன் இரத்த அழுத்தத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தலைப்பிரசவம் இங்கே இல்லை. சரி, நானே ஸ்பெயினுக்கு, உன் வலென்சியாவுக்கு வருகிறேன் என்றேன். "பாஷை தெரியாம ஆஸ்பத்திரியில நீ என்னம்மா பண்ணுவே?" என்றாய். நியாயமான கேள்வி. அன்றே ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கினேன். செல்போன் செயலி தப்பாகச் சொன்னாலும் கைதட்டுகிறது. அதை நம்பாமல் ஓர் இலக்கணப் புத்தகம் வரவழைத்தேன்.

இந்த வாரம் 'அயுதார்', உதவுதல். 'முடிந்தால் உதவுவேன்' என்கிற தொனிக்கு, முழு வினைச்சொல்லையும் அப்படியே வைத்து வாலை மட்டும் ஒட்ட வேண்டும். நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்று வரிசையாக: அயுதாரீயா, அயுதாரீயாஸ், அயுதாரீயா, அயுதாரீயாமோஸ், அயுதாரீயாய்ஸ், அயுதாரீயான். நர்ஸிடம் பணிவாகக் கேட்கவும் இதுதான்: "அயுதாரீயா உஸ்தெத் ஆ மி இஹா?" என் மகளுக்குக் கொஞ்சம் உதவுவீர்களா?

அடுப்படியில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "என்னடி, சாம்பாருக்கு மந்திரம் போடறியா?" என்றார் அப்பா. பிறகு அவரே இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

விசா விசாரிக்கத் தஞ்சாவூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸுக்குப் போனோம். நீங்கள் அங்கே போலீஸில் விண்ணப்பித்து அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டுமாம். "பொண்ணு பிரசவத்துக்குப் போக போலீஸ் அழைப்பா?" என்று அப்பா அங்கேயே கத்திவிட்டார். சம்பந்தி வீட்டுக்கு அழைக்காமல் போவதில்லை என்று இத்தனை வருஷம் பிடிவாதம் பிடித்தவர் நீங்கள்தானே என்றேன்.

போன வருஷம் கரு கலைந்ததை நீ எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னாய். கோபமில்லை. வலியை வெளியில் காட்டாத பெண் நீ. ஆறாம் வகுப்பில் கை முறிந்து வந்தவள், சாப்பிட உட்கார்ந்து இடது கையால் சோற்றைப் பிசைந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நர்ஸ் வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாய். அவர்களும் அதை நம்பி எழுதிக்கொண்டு போவார்கள். மாப்பிள்ளையும் நம்புவார்.

நான் நம்ப மாட்டேன். எனக்கு அந்த அறையில் ஒரு நாற்காலி போதும்.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் நீ. பெற்ற தாய்க்கு அழைப்பு எதற்கு என்று விட்டுவிடாதே. என்னை அழை, கண்ணு.

உன் அம்மா,
மாலதி