பேர் வெட்டும் கட்டளை

1988 மார்ச் 7, திங்கள்

காலையிலேயே கரண்ட் போய், சேமிக்காத வேலை எல்லாம் போனது. திரும்ப அடித்தேன்.

இந்த ஸ்மோல்டோக் கம்பியூட்டர் மொழியில் ஒரு வசதி: எதையும் நிறுத்த வேண்டியதில்லை. லொறி ஓடும்போதே எஞ்சினைக் கழற்றி மாட்டலாம். சண்முகராஜா சேருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஹட்டன் பஜாரில் அவர் அப்பாவின் புடவைக் கடைக்கு மேல்மாடியில்தான் இந்த ஒபிஸ். முதலாளி அவர், வேலை செய்ய நான் ஒருத்தி. நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் நான் எழுதியதைத் திறந்து எதையாவது மாற்றிவைக்கிறார். கேட்டால், "சும்மா பாத்தேன்." இவர் சும்மா பார்த்ததைச் சரிசெய்யவே எனக்குப் பாதி நாள் போகிறது.

மார்ச் 9

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் இப்போது கம்பியூட்டருக்குள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு ஒப்ஜெக்ட். வயது கேட்டால் சொல்லும், எந்த லயத்தில் வீடு என்று கேட்டால் சொல்லும். அம்மாவின் வயதைக் கேட்டேன், சரியாகச் சொன்னது. வீட்டில் வந்து சொன்னால் அம்மா, "நான் உசுரோட இங்கதானே இருக்கேன், அங்க எதுக்குப் போய்க் கேக்குற" என்கிறாள்.

மூன்று மாதமாக வேலைக்கு வராதவர்கள் யார் என்று, இந்த வேலையைத் தந்த தோட்டத்துத் துரைக்குத் தெரிய வேண்டுமாம். கட்டளை எழுதினேன். தேடும், காட்டும். அவ்வளவுதான்.

மார்ச் 15

வேலாயி அக்காவின் பேரை வெட்டிவிட்டார்கள்.

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கணக்குப்பிள்ளை பேர் இல்லை, போ என்றாராம். கார்த்திகை மழையில் மலையில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தவள். டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவில் கிடந்து, இன்றைக்குத்தான் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். பேர் இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் காம்பராவும் இல்லை. மாதக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டுமாம்.

அவளைக் கவனிக்க அடுத்த காம்பராவிலிருந்து தங்கச்சி மீனம்மாவும் வேலைக்குப் போகாமல் நின்றாள். அதே நாட்கள். ஆனால் மீனம்மாவின் பேர் இருக்கிறது.

நான் காட்டத்தானே எழுதினேன்? யார் வெட்டினது?

மார்ச் 16

வேறு யார், சேர்தான். நான் சாப்பிடப் போன நேரத்தில் என் கட்டளையைத் திறந்து, 'காட்டு' என்று இருந்த இடத்தில் 'எடு' என்று போட்டு ஓட்டியிருக்கிறார். "துரை அவசரப்பட்டாரு. ஒரு வார்த்தைதானே மாத்தினேன்" என்கிறார். ஒரு வார்த்தைதானாம்.

அதையாவது ஒழுங்காகச் செய்தாரா? ஓடுகிற வரிசையிலிருந்தே ஆளை எடுத்தால் என்ன ஆகும்? ஒருத்தியை வெளியே எடுத்ததும் பின்னால் நிற்பவள் ஒரு அடி முன்னால் வந்து அந்த இடத்தில் நிற்பாள். அந்த இடத்தைத்தான் பார்த்தாயிற்றே என்று கம்பியூட்டர் அடுத்த இடத்துக்குப் போய்விடும். முன்னால் வந்தவளை அது பார்ப்பதேயில்லை. வேலாயி போனாள், பின்னால் நின்ற மீனம்மா தப்பினாள். வரிசைக்கு ஒரு பிரதி எடுத்து அதைப் பார்த்துக்கொண்டே அசலில் எடுக்க வேண்டும் என்று ஸ்மோல்டோக் புத்தகம் எழுதினவன் தொடக்கத்திலேயே எச்சரித்திருக்கிறான். இவர் எங்கே புத்தகத்தைத் தொட்டார்.

மார்ச் 20, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தால், தண்ணி பிடிக்கும் பீலிக்கரையில் சண்டை. மீனம்மா கணக்குப்பிள்ளைக்குக் கோழி கொடுத்துப் பேரைக் காப்பாற்றிக்கொண்டாளாம். சொல்வது வேறு யாருமில்லை, வேலாயி அக்கா. தங்கச்சி கொண்டுபோன கஞ்சியை வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டாளாம்.

என்னைப் பற்றியும் பேச்சு. "வேதக்காரி, வேண்டியவங்க பேர விட்டுட்டா." அம்மாவும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வைதான் எனக்குத் தாங்கவில்லை.

வேலாயி அக்காவிடம் போய் வரிசைக் கதையைச் சொன்னேன். "அப்ப மிசினு தப்பா எண்ணிருச்சுங்கிற. சரி, அதைச் சொல்லி என் பேர எழுதச் சொல்லு" என்றாள்.

மார்ச் 22

சொன்னேன். சேருக்கு உடனே விளங்கிவிட்டது. முகமெல்லாம் சந்தோஷம்.

"அப்ப மிச்சப் பேரு இன்னும் இருக்கா? அதையும் எடுத்துரு. அதுதானே ஞாயம்."

நான் பிழை என்று சொன்னது எதை, இந்த மனுஷன் திருத்தச் சொல்வது எதை?

மார்ச் 23

மிச்சப் பேரையும் எடுத்த லிஸ்ட்டைத் திங்கட்கிழமை துரைக்குக் கொடுக்க வேண்டுமாம்.

மார்ச் 24

விளக்கு வைத்ததும் மீனம்மா வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றாள்.

"என் பேரையும் வெட்டிருங்க பாப்பா. வெட்டினா எங்கக்கா எங்கூடப் பேசும்."

கத்திவிட்டேன். போங்க, புத்தி இருக்கா உங்களுக்கு, காம்பராவ விட்டுட்டு ரெண்டு பேரும் ரோட்டுல நின்னு பேசுவீங்களான்னு. அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். கத்த வேண்டிய ஆளிடம் வாயைப் பொத்திக்கொண்டு, இவளிடம் போய்க் கத்துகிறேன். தவக்காலம் வேறு.

மார்ச் 26, சனி

சேர் கண்டிக்குப் போயிருந்தார். கட்டளை ஓடுவதற்கு முந்திய பிரதி என் டிஸ்கட்டில் இருந்தது. அதை ஏற்றினேன், வெட்டுப்பட்ட எல்லாரும் திரும்ப வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பதிந்த வேலை வரவை எல்லாம் திரும்ப அடித்தேன்.

சேரின் பிழையையும் திருத்தினேன். இனி யாரும் தவறிப்போய்த் தப்ப முடியாது. தவறிப்போய் வெட்டவும் முடியாது. யாரையாவது எடுக்கச் சொன்னால் திரையில் ஒரு ஜன்னல் திறக்கும். அந்த ஆளின் பேரைப் போட்டு, ஏன் வரவில்லை என்று கேட்கும். பதில் எழுதினால்தான் அடுத்த ஆள். ஒவ்வொருவராக.

சேமித்துவிட்டு அணைத்தேன்.

மார்ச் 28

வேலை போய்விட்டது.

துரையின் ஆள் பக்கத்தில் இருக்கும்போதே சேர் கட்டளையை ஓட்டினார். "வேலாயி ஏன் வரவில்லை?" மூடினார். திரும்ப ஓட்டினார். "வேலாயி ஏன் வரவில்லை?" என்ன எழுதுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தெரிந்தால்தானே எழுத.

"லயத்துப் புத்தியக் காட்டிட்ட" என்றார்.

"ஆமாங்க சேர். லயத்துல ஒரு ஆள் வரலைன்னா ஏன்னு கேப்பாங்க" என்றேன். என் குடையைக் கூட எடுக்க மறந்து, நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஏப்ரல் 1, பெரிய வெள்ளி

கோயிலுக்குப் போனேன். மன்னிக்க முடியவில்லை.

ஏப்ரல் 6

சேர் ஆளனுப்பியிருந்தார். அந்த ஜன்னலை எப்படி எடுப்பதாம். பதில் எழுதினால் தானாக மூடும் என்று சொல்லி அனுப்பினேன். அது மூடும்வரை யாரையும் வெட்ட முடியாது; மாதக் கடைசி தாண்டியும் வேலாயி அக்காவை யாரும் காம்பராவை விட்டு எழுப்பவில்லை.

ஏப்ரல் 11

வேலை இல்லாததால் வீட்டில்தான் இருந்தேன். கணக்குப்பிள்ளை கையில் பென்சிலோடு லயத்துக்கு வந்தார். வாசல் வாசலாக நின்று ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்டார். "மிசினு கேக்குதாம், துரை எழுதிட்டு வரச் சொன்னாரு." அவர் குரலில் எரிச்சல்.

வேலாயி அக்கா ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டினாள். எழுதிக்கொண்டார். அடுத்த வாசலுக்குப் போய், "நீ ஏன் வரல?" என்றார். மீனம்மாவிடம் காட்ட எந்தத் துண்டும் இல்லை. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். அவர் எழுதாமலே பென்சிலைக் காதில் செருகப் போனார்.

வேலாயி அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னைத் தூக்கி உக்கார வச்சது அவதான். எழுதிக்கங்க."