துண்டுக்குள் ஐந்தாவது விரல்

பர் துபாய்
8.2.2004

மச்சான் முகம்மது சித்தீக்குக்கு, சுஐபு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

வியாழக்கிழமை என் கடையில் கையைத் துண்டால் மூடிக்கொண்டு உன் முத்துப் பொதிக்கு விலை பேசினோம். விரலுக்குப் பத்தாயிரம் திர்ஹம். நீ என் கையில் பிடித்தது நாலு விரல், சரி என்றேன். குதைபியா போய்ச் சேர்ந்ததும் ஐந்து என்று பில் அனுப்புகிறாய். போன் போட்டால் பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுத்து, இதன் வாயை உன்னால் பொத்த முடியாது.

முப்பது வருடம் விரல் பிடித்தவன் நான். உன் அக்கா அஸ்மத் பீவியைக் கட்டினவன் என்பதால் ஏமாளி ஆகிவிடுவேனா? நீ பொய்யன். பொதி திரும்பி வரும். இனி என் கடைப் படி ஏறாதே.

பிள்ளைகளுக்குச் சலாம்.
சுஐபு


குதைபியா
13.2.2004

சுஐபு மச்சானுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

ஐந்து விரலும் பிடித்தேன். கட்டைவிரலை நகம் பதிய அழுத்தினேன். கல் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு இப்போது என்னைப் பொய்யன் என்கிறீர்கள்!

லாத்தா அஸ்மத் போனில் அழுகிறாள். அன்று இரவு உங்கள் கட்டைவிரலில் நகக்குறியைப் பார்த்து, "இது எங்க பட்டுச்சு?" என்று கேட்டாளாம். "தெரியலியே" என்றீர்களாம். போன மாதம் சுலைமானி டீ கிளாஸ் சுட்டுக் கொப்புளம் வந்ததும் தெரியவில்லையாம். சட்டைப் பொத்தான்கூட அவள்தான் மாட்டிவிடுகிறாளாம். இதையெல்லாம் மறைத்துக்கொண்டு முத்து வியாபாரம் வேறு!

பொதி வந்தால் வாங்க மாட்டேன். முதலில் டாக்டரைப் பாருங்கள். பிறகு ஆசை தீரத் திட்டுங்கள்.

சித்தீக்


பர் துபாய்
24.2.2004

அன்பு மச்சானுக்கு, சலாம்.

பார்த்தேன். டாக்டர் சீதாராமன் கண்ணை மூடச் சொல்லி ஊசியால் குத்தினார். சுண்டுவிரலில் துள்ளினேன். அடுத்த மூன்றிலும் மங்கலாகத் தெரிந்தது. அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. "கட்டைவிரல்ல எப்ப குத்துவீங்க?" என்றேன். "மூணு தடவை குத்தியாச்சு பாய்" என்றார். உன் லாத்தா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

விரல் எதையும் உணர்வதில்லையாம், உணர்வது மூளையாம். விரலில் பட்ட சேதி நரம்பு வழியே கையேறி, முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்தில் சேர்ந்து, மூளைக்குப் போகிறது. 'கையை எடு' என்ற உத்தரவு வேறு இழைகளில் இறங்கி வருகிறது. என் கட்டைவிரல் நரம்பு மணிக்கட்டுச் சந்தில் நசுங்கிக் கிடக்கிறது. சுண்டுவிரலின் நரம்பு அந்தச் சந்து வழியாகப் போவதில்லை, அதனால் தப்பித்தது. "விரல் ஆடுதே டாக்டர்" என்றேன். "உத்தரவு இறங்குது, சேதிதான் ஏறல" என்றார். முப்பது வருடம் சோறு போட்ட விரல் இப்படி ஊமையாகிவிட்டது.

உன்னைப் பொய்யன் என்றது தப்பு. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை. நகம் பதிய அழுத்தியும் மனிதன் அசையவில்லை என்றால், வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் என்ன? துண்டுக்குள் பேசக் கூடாது என்பது முறைதான். முறையும் நீயும்!

அடுத்த வாரம் மணிக்கட்டில் ஆபரேஷன். உணர்வு முழுசாகத் திரும்புமா என்று அவர் வாக்குத் தரவில்லை. இடது கையை நீட்டி விலை பேச எனக்கு மனம் வராது. ஆகவே இப்படி முடித்துக்கொள்வோம்: பொதி எனக்கு, விலை ஐம்பதாயிரம் திர்ஹம், மார்ச் பத்துக்குள் உன் கைக்கு வரும். இனி நமக்குள் துண்டு கிடையாது. விலையை வாயால், உன் லாத்தாவின் காது கேட்கச் சொல்ல வேண்டும்.

சுஐபு