நீ தலையாட்டியதை நான் பார்த்தேன்

தெகு,
ஜனவரி 19

தேகியோமுக்கு,

நீ உன் அம்மாவிடம் பொய் சொல்லியிருக்கிறாய். அந்தப் பொய்யால் நடையை இழக்கப்போவது நான். போனை நீ எடுப்பதில்லை, அதனால்தான் இந்த மெயில்.

செவ்வாயன்று வீட்டில் நாற்காலிப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். அத்தை என் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, "ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கேம்மா!" என்று தரைக்கடியில் ஓடும் சூடாக்கியை முழுசாக ஏற்றிவிட்டார். அன்பினால்தான், அவரைக் குறை சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் கால்கள் துவண்டன. விழுந்ததில் தாடையில் தோல் கிழிந்தது. பால்கனிக் குளிரில் உட்கார்ந்த பிறகு கால்கள் சரியாயின. எழுந்து பாத்திரம்கூடக் கழுவினேன்.

நோய் தெரிந்த அன்றே டாக்டர் நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னா சூடு ஆகாது, கால் கொஞ்ச நேரம் ஓஞ்சுபோகும். அதுக்காகப் பயிற்சிய விட்டுடாதீங்க." நீ தலையாட்டினாய்.

இதை அத்தையிடம் சொன்னேன். "என் பையன்கிட்ட கேட்டுட்டேன்மா. டாக்டர் அப்படி எதுவும் சொல்லலயாம். எல்லாம் அந்தப் பயிற்சியாலதானாம். நீ படுத்துக்கோ, கடற்பாசி சூப் வச்சுத் தரேன்" என்கிறார். அறை இப்போதும் கொதிக்கிறது.

வேலைக்குப் போன ஹனோயில் உட்கார்ந்துகொண்டு என் பயிற்சி மையத்துக்கும் போன் செய்து, நான் இனி வரமாட்டேன் என்றிருக்கிறாய். பயிற்சியாளர் சூ-ஆன் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. என்னோடு பயிற்சி செய்யும் குக் அண்ணன், அவருக்கும் இதே நோய், பின்னாலிருந்து கத்தினார்: "பித்னா, பயந்து ஓடிட்டியா? உன் பயிற்சி சைக்கிள்ல நான் ஏறிடுவேன்!" சிரித்தேன். போனை வைத்ததும் அழுதேன். அங்கே சேரும்முன் படிக்கட்டைப் பார்த்தாலே திரும்பிவிடுவேன். இப்போது சந்தைக்குத் தனியாகப் போகிறேன்.

ஒருமுறை விழுந்தவர்களை, வீட்டார் கூட்டிவந்தால்தான் மையத்தில் மறுபடி பயிற்சிக்கு விடுவார்கள். கார் ஓட்டுவது அத்தை. அவர் நம்புவது உன் பேச்சை.

தான் ஏற்றிய சூட்டால்தான் நான் விழுந்தேன் என்று தெரிந்தால் அம்மா மனம் நோகுமென்று பயந்தாய், அதுவரை புரிகிறது. ஆனால் இந்த ஊரில் மருமகள் படுத்துக் கிடந்தால், குடும்பம் நன்றாகக் கவனிக்கிறது என்று பெயர். வியர்க்க நடந்தால், நோயே நடிப்பு என்று பேச்சு. உனக்கும் அந்த நல்ல பெயர்தான் பெரிதாகிவிட்டது.

வெள்ளிக்கிழமைவரை என் இடத்தை வைத்திருப்பதாகச் சூ-ஆன் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. ஆனால் இன்றே அம்மாவைக் கூப்பிடு. டாக்டர் என்ன சொன்னார் என்பதை, நான் பக்கத்தில் நின்று கேட்க, உன் வாயால் சொல்.

பித்னா