கல்லம்மனைச் சுமந்தவர்

மேலக்கரிசல்,
4-2-1964

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆறுமுகத்தாய் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? போன கடுதாசியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சர்க்கார் வெட்டும் கால்வாய் நம் ஊர் எல்லையில் வந்து நின்றுவிட்டது. நேர் வழியில் கல்லம்மன் இருக்கிறாள். கை வைத்தால் ஊர் விளங்காது என்று முருகம்மாள் மைனி சாமியாடிவிட்டாள். சுற்றி வெட்டப் பணம் ஒதுக்கவில்லையாம். வேலையாட்கள் மூட்டை கட்டுகிறார்கள். இனித் தண்ணீர் வராது என்று உங்கள் மாப்பிள்ளையும் கட்டுகிறார், பம்பாய்க்கு. நீங்கள் வேலை பார்க்கும் தோல் கிட்டங்கியில் அவருக்கும் ஒரு வேலை சொல்லி வையுங்கள்.

உங்கள் மகள்,
ஆறுமுகத்தாய்

தாராவி,
11-2-1964

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்ல, பக்கத்துக் கோலி, அதாவது பக்கத்து அறை, உதுமான் எழுதுகிறார். மாப்பிள்ளைக்குக் கிட்டங்கியில் வேலையும் என் கோலியிலேயே படுக்க இடமும் சொல்லிவிட்டேன். வரவேண்டாம் என்றுதான் மனசு சொல்கிறது. தோல் நாற்றம் சோற்றிலும் ஏறும்.

எங்கள் சந்துக்கு முனிசிபாலிட்டி ஒரு குழாய் போட்டது. தண்ணீர் தூக்கியே பொழுதைக் கழித்த சொர்ணம்மாள் இப்போது முறுக்குச் சுட்டு விற்கிறாள். ஒரு குழாய்க்கே இப்படி. வயலுக்குத் தண்ணீர் வந்தால்?

தாயி, அந்தக் கல்லம்மன் சாமியில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இதே கால்வாய்க்கு அளந்தபோது நட்ட சர்வேக் கல். வண்டியிலிருந்து தலையில் சுமந்துபோய் வைத்தவன் நான். தென்பக்கம் மஞ்சளைச் சுரண்டு, அம்புக்குறி தெரியும். அளந்தவர்கள் திரும்பி வரவில்லை. ஊர் கல்லுக்குப் பொட்டு வைத்தது. நான் ரயிலேறினேன்.

பூலோகம்
(கைநாட்டு)

மேலக்கரிசல்,
19-2-1964

அன்புள்ள அப்பாவுக்கு,

சுரண்டினேன். அம்புக்குறி இருந்தது. ஊரைக் கூட்டிக் காட்டினேன். மைனிக்கு அருள் வந்துவிட்டது.

"எம் மேல அம்பு போட்டவன் எவம்ல?" என்று குதித்தாள்.

"ஆத்தா, எங்கப்பாதான் ஒன்னயச் சொமந்துட்டு வந்தாக" என்றேன்.

சட்டென்று அடங்கினாள். "அப்பம் அவனே வந்து தூக்கட்டும். வேற எவன் தலையிலயும் ஏற மாட்டேன்."

ஊரும் சரி என்றது. மாசக் கடைசி வரை பொறுக்கிறேன் என்கிறார் கால்வாய் மேஸ்திரி. அதுவரை உங்கள் மாப்பிள்ளையை நிறுத்தி வைத்திருக்கிறேன். உங்கள் முழங்காலை நினைத்தால்தான் வாருங்கள் என்று எழுதக் கை வரவில்லை.

ஆறுமுகத்தாய்

தாராவி,
24-2-1964

அன்பு மகளுக்கு,

நாளை மறுநாள் ரயிலேறுகிறேன். சும்மாடு கட்ட உன் அம்மா சேலை ஒன்று எடுத்து வை. அன்றைக்கு இரண்டு பேர் என் தலைக்குத் தூக்கிவிட்டார்கள், இப்போது நாலு பேரை நிற்கச் சொல். மாப்பிள்ளை என் பின்னாலேயே வரட்டும். நான் சாய்ந்தால் என்னைப் பிடிக்கட்டும், கல்லைத் தொட வேண்டாம். முருகம்மாளிடம், "ஆத்தாவ எறக்குற எடத்தக் கிட்டத்துலயே பாரு தாயி" என்று நான் கெஞ்சியதாகச் சொல்.

மாப்பிள்ளைக்குச் சொல்லி வைத்த வேலையையும் இடத்தையும் வேண்டாமென்று விட்டுவிட்டேன். என் வேலையை விடவில்லை, கல்லை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவேன். தண்ணீர் வந்து, முதல் வெள்ளாமை வீடு சேரும்வரை நம்மில் ஒருத்தன் இங்கே இருந்து பணம் அனுப்பியாக வேண்டும். அது நானாகவே இருக்கட்டும்.

பூலோகம்
(கைநாட்டு)