முந்நூறு கறி ராஜாவின் ராணியும் ஒரு மியூனிக் மூக்கும்

ஓய் ரங்கூன்காரரே,

இன்று ஒரு சீசாவைத் திறந்தேன். நாப்பி! நீர் உயிரையே வைத்திருந்த அந்தப் பர்மா மீன் விழுது. வாடை கிளம்பிய வேகத்தில் ஆல்ப்ஸ் மலையே நாலடி பின்வாங்கியதை என் கண்ணால் பார்த்தேன். நீர் கண்ணை மூடியபின் இந்த வீட்டில் இப்படியொரு கலவரம் இதுதான் முதல்.

எழுபதுகளின் தொடக்கம். மியூனிக்கில், மாடியில் நமக்கு அடுத்தடுத்த அறை. நான் இயந்திரங்களோடு மல்லுக்கட்டினேன். நீர் எழுநூறு வருஷத்துக்கு முந்திய பர்மாவின் பாகன் நகரத்துப் பட்டத்து ராணியோடு குடித்தனம் நடத்தினீர். அவள் வாழ்க்கைதான் உம் ஆராய்ச்சி. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அன்று பார்த்து நாப்பி வறுத்தீர்! கீழே இருந்த வீட்டுக்கார அம்மாள், சாக்கடை வெடித்துவிட்டதென்று குழாய் ரிப்பேர்காரரையே வரவழைத்துவிட்டாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு உம் வாணலியைக் காட்டினார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு பேரும் காலி பண்ணுங்க!”

வெளியே பனி. அறை போனால் ஆராய்ச்சியும் போச்சு. திரும்பிப் போக ரங்கூன் வீடும் உமக்கு இல்லை; பர்மாவிலிருந்து இந்தியரை வெளியேற்றியபோதே அது போயிற்று.

“மன்னிப்புக் கேட்டுடலாம் ஓய்,” என்றேன்.

“என் ராணி என்ன செஞ்சிருப்பான்னு பாரும்!” என்று ஒரு தட்டு நாப்பி வறுவலோடு கீழே இறங்கினீர்.

“அம்மா, உங்க கோபம் ரொம்ப நியாயம். ஒரு ராஜா தினம் முந்நூறு கறி கேட்பாராம். அவரோட ராணி பாட்டை நினைச்சுப் பாருங்க!”

“முந்நூறா? பாத்திரம் யார் கழுவினது?”

கதையில் விழுந்தாள்! ராஜா சீறினால் ராணி எதிர்க்கமாட்டாள். முதலில் கோபத்துக்கு ஒரு கும்பிடு, சூடு தணிந்ததும் தன் யோசனை என்றீர். ராஜா போனார், ராணி நிலைத்தாள். அடுத்து வந்தவன் நாட்டைக் கோட்டைவிட்டபோது அவனை அரியணையிலிருந்து இறக்கவும் கைகொடுத்தாள் என்றீர்.

வீட்டுக்கார அம்மாள் கணவரை இழந்தவள். சிரித்தாள்.

“என் வீட்டுக்காரரும் உருளைக்கிழங்குல உப்புக் குறைஞ்சா கத்துவார். அவர் போயிட்டார். நான் இருக்கேன்.”

பிறகு முள்கரண்டியை எடுத்தாள். ஒரே வாய். மியூனிக்கின் இசார் நதி அன்று அவள் கண்வழியாகத்தான் ஓடியது.

“சரி, இருங்க. ஜன்னலைத் திறந்துவச்சு வறுங்க.”

பனி உள்ளே கொட்ட, கம்பளியைச் சுற்றிக்கொண்டு நீர் கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்தீர். வாணலி பக்கத்திலேயே இருந்தது.

இதோ, கதவை யாரோ இடிக்கிறார்கள். மேல்மாடிக்காரர்தான், அவர் இருமலே ஜெர்மன் பேசுகிறது. ஜன்னலைத் திறந்துவிட்டேன். தட்டு கையில். “உங்க கோபம் ரொம்ப நியாயம்” என்றுதான் ஆரம்பிக்கப் போகிறேன். ராணியையும் கூட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நில்லும் ஓய்.