வரைந்த விரிசல்கள்

அனுப்புநர்
அ. நர்மதா,
பெரியவீடு, மேலத் தெரு,
கீழமாந்தோப்பு,
அரியலூர் மாவட்டம்.

பெறுநர்
கோட்டாட்சியர் அவர்கள்.

பொருள்: எங்கள் வீட்டை இடிக்கும் உத்தரவு – சுவரில் இருப்பவை வரையப்பட்ட விரிசல்கள் – நேரில் ஆய்வு செய்ய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். நானும் என் அம்மா தனமும். பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவின் கட்டில் கூடத்தில் கிடக்கிறது. உத்தரவில் 'ஆளில்லாத பாழடைந்த கட்டடம்' என்று உள்ளது.

2. ஜமீன் காலத்து வீடு. படப்பிடிப்புக்கு விடுகிறோம். அம்மாவின் மருந்துச் செலவு அதில்தான். சென்ற மாசியில் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு நொடித்துப்போன குடும்பத்தின் வீடு தேவைப்பட்டது. எங்கள் வீடு போதிய அளவு நொடித்திருக்கவில்லை. சுவரெங்கும் விரிசல் வரைந்தார்கள். ஒட்டடை தொங்கவிட்டார்கள். மின்சார மீட்டரைப் பலகையால் மறைத்தார்கள். அந்த நாட்களில் அம்மாவை மாட்டுக்கொட்டகையில் படுக்க வைத்திருந்தேன்.

3. உங்கள் அலுவலகத்திலிருந்து கட்டட ஆய்வுக்கு ஒருவர் அந்த வாரத்தில்தான் வந்தார். ஜீப்பை விட்டு இறங்கவில்லை. ஓடிப்போய்ச் சொன்னேன். "பெயிண்டுன்னா இவ்வளவு ஆழமாவா தெரியும்? பக்கத்துல போவாதம்மா, வுழுந்துடப் போவுது" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்.

4. தொடர் பாதியில் நின்றுபோனது. விரிசல்களை அழித்துத் தருவதாகச் சொன்னவர்கள் திரும்பவில்லை. வரைந்தவர் எங்கள் ஊர் கொளஞ்சியப்பன். வந்து சாட்சி சொல்லக் கேட்டேன். வேறு படப்பிடிப்பில் இருந்தார். "டிவில பாத்தீங்களாக்கா, நெசமாட்டம் இருந்துச்சுல்ல?" என்றார். ஆம் என்றேன்.

5. முன்பு அனுப்பிய இரண்டு மனுக்களுக்கும் அந்தப் புகைப்படத்தின் நகலே பதிலாக வந்தது. வாசலில் நாளெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகின்றன. அந்த அதிர்விலும் இதுவரை ஓர் ஓடு நழுவியதில்லை. இதைப் புகைப்படம் எடுக்க முடியவில்லை.

6. வரும் திங்கட்கிழமை இடிக்க வருவதாகச் சொல்கிறார்கள். அதற்குள் யாரையாவது அனுப்புங்கள். பார்க்க வேண்டாம், பார்த்தால் விரிசல்தான் தெரியும். சுவரைக் கையால் ஒருமுறை தடவச் சொல்லுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. இந்த மனுவும் அந்தப் புகைப்படத்தோடு திரும்பி வரும் என்றே நினைக்கிறேன்.

இடம்: கீழமாந்தோப்பு
நாள்: 20.08.2025

இப்படிக்கு,
அ. நர்மதா

பி.கு.: கையெழுத்திட்ட பிறகு, வருகிறவர் நம்பட்டும் என்று ஒரு விரிசலை ஈரத்துணியால் தேய்த்தேன். சாயம் போகவில்லை. அழுத்தித் தேய்த்தேன். காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. அம்மாவின் கட்டிலை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றிவிட்டேன்.